போக, வர

டாக்டரம்மா,
மாத்திரைகளுக்குக் கீழே கோடு போட்டு
'தினம் நாற்பது நிமிடம் நடக்கவும்' என்று எழுதினீர்கள்.
எங்கே என்று எழுதவில்லை.

திருப்பாப்புலியூரில் வீடு, இரண்டாம் மாடி.
சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.
சுவரில் ஒரு ஏசிப் பெட்டி,
என் முகத்தில் மூச்சு விடும்.
காற்று தெற்கே திரும்பும் ராத்திரிகளில்
சிப்காட் நாற்றம் வரும்,
அழுகின முட்டைக்கோஸில் நகப்பூச்சை ஊற்றினது மாதிரி.
எழுந்து சன்னலைச் சாத்துவேன்.
அப்புறம் தூக்கம் வராது.
மேலே மின்விசிறி சுற்றும்,
கீழே படுத்தபடி நான்.
இதை நீங்கள் 'மன அழுத்தம்' என்று குறித்துக்கொண்டீர்கள்.
இரண்டே வார்த்தை. கையெழுத்து அழகு.

முதல் நாள் இம்பீரியல் ரோடு.
நடைபாதை இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.
அதன்மேல் செருப்புக்கடையின் நிலைக்கண்ணாடி,
வரிசையாக எட்டு பைக்,
சிலாப் போன ஒரு ஓட்டை,
உள்ளே கறுப்பாக எதுவோ நுரைத்துக்கொண்டிருந்தது.
இறங்கினால் பஸ் இடிக்கும், ஏறினால் பைக்.
செல்போன் எண்ணிச் சொன்னது அறுநூற்று நாற்பது அடி.
அதில் பாதி ஒதுங்கின அடி.

மறுநாள் விடிகாலை, பின்சந்து.
நாய்களுக்கு என்னைத் தெரியவில்லை.

மைதானத்துக்குப் போக பஸ் ஏற வேண்டும்.
நடக்கப் போவதற்கு பஸ்ஸா என்று நினைத்ததும்
சிரித்துவிட்டேன், தனியாக, பஸ் நிறுத்தத்தில்.
ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு.
அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்திர ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிறேன்,
ஒன்பது மணி நேரம் ஒரே ஸ்டூல்.
வெள்ளிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு
பாலத்தின் மேல் நடந்தே வந்தேன்.
கெடிலத்தில் தண்ணீர் கொஞ்சம், ஆகாயத்தாமரை நிறைய.
ஆனால் ஆற்றின் மேல் யாரும் மாடி கட்ட முடியாது, பாருங்கள்.
கடலிலிருந்து காற்று
யாரிடமும் வழி கேட்காமல் வந்தது.
பின்கழுத்தில் வருஷக்கணக்காக இருந்த ஆணி
ஒரு சுற்று தளர்ந்தது.
முனை வந்ததும் திரும்பினேன்.
போக, வர.
போக, வர.

ஐந்தாம் தடவை ஒரு ஆட்டோ நின்றது.
"எக்கா, அங்க என்னா பாக்கற?"
"ஒண்ணுமில்ல, நடக்கறேன்."
"நடக்கறவங்க திரும்பத் திரும்ப இங்கயேவா வருவாங்க?"
இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.
"ஊட்ல பிரச்சனையா? கடனா?"

கோபம்தான் முதலில் வந்தது.
இந்த ஊரில் ஒரு பொம்பளை சும்மா நடந்தால்
குதிக்கப் போகிறாள் என்று அர்த்தம்.
கொஞ்சம் பொறுத்துத்தான் மற்றது உறைத்தது.
இரண்டு வருஷத்தில்
வண்டியை நிறுத்தி என்னை இதைக் கேட்ட முதல் ஆள்.

உங்கள் சீட்டைக் காட்டினேன்.
தெருவிளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தார்.
"எனக்கும் இதேதான் எழுதனாங்க, பெரியாஸ்பத்திரில.
போன வருசம்.
எங்க நடக்கறது?"

பேர் மாசிலாமணி. பதினோரு வருஷமாய் உட்கார்ந்தே ஓடின கால்கள்.
பாதிப் பாலத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்றார்.
"நீ போக்கா, வர்றேன்."
வந்தார்.

சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, ரிப்போர்ட்டைப் பாருங்கள்.
தூக்கம், வாரத்துக்கு இரண்டு ராத்திரி முழுசாக.
மழை வந்தால் ஒதுங்க இடமில்லை.
லாரி போனால் பாலம் நடுங்குகிறது,
உள்ளங்காலில் தெரியும்.

இனி யாருக்காவது நடக்கச் சொல்லி எழுதினால்
இடத்தையும் எழுதுங்கள்.
சாயங்காலம் ஆறு மணி, கிழக்குக் கைப்பிடி ஓரம்.
அடையாளத்துக்கு ஒரு ஆட்டோ நிற்கும்.
மன்னிக்கவும்,
நடைபாதையில்தான்.